மடங்காத சுண்டுவிரல்

கைக்குள் இருந்த சுண்டுவிரல் மடங்கியது, மடங்கவே முடியாத விரல், இருபது வருஷத்துக்கு முன்னால் பஸ் கதவில் நசுங்கி விறைத்துப்போன புருஷனின் விரல், காலையில் திருப்பரங்குன்றத்தில் நெரிசலில் நின்றபோதும், நாயக்கர் மகாலில் தூண்களை அண்ணாந்து பார்த்தபோதும் மயிலாத்தாளின் உள்ளங்கையில் குச்சி மாதிரிக் குத்திக்கொண்டே வந்த விரல், மீனாட்சி புண்ணியத்தில் குணமாகிவிட்டதோ என்று மனம் குளிர்ந்து நிமிர்ந்து பார்த்தால் பக்கத்தில் யாரோ ஒருவர், அவரும் இவளைப் பார்த்துத் திகைத்து நிற்கிறார், தப்பா நெனச்சுக்காதீங்கம்மா, என் சம்சாரத்தோட கைன்னு நெனச்சு வந்துட்டேன், என்கிறார்.

குங்குமம் வாங்கத்தான் கையை விட்டாள், அம்மன் கொடுப்பதை ஒற்றைக் கையில் வாங்கக்கூடாதே என்று இரண்டு கையையும் ஏந்தினாள், அந்த ஒரு நிமிஷம், பின்னாலிருந்து தள்ளிய கூட்டம், திரும்பி அகப்பட்ட கையைப் பிடித்துக்கொண்டு முக்குறுணிப் பிள்ளையார்வரை நடந்திருக்கிறாள், பாவி. செல்போன்கள் வாசலில் டோக்கனோடு கிடக்கின்றன. போன பங்குனியில் காய்ச்சலில் விழுந்து எழுந்ததிலிருந்து அவருக்கு வழி மறந்துபோகிறது, காங்கேயத்தில் பஸ் மாறி ஏறியவர் இரண்டு நாள் கழித்துப் பழனியில் கிடைத்தார், தாடியும் பசியுமாக, அம்மா, அப்பா கையை மட்டும் விட்றாதே, என்று டூர் பஸ் கிளம்பும்வரை மகள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள், விடமாட்டேன் சாமி, என்று இவள் கையில் அடித்துச் சத்தியம் செய்கிறாள்.

ஒலிபெருக்கி அறையில் இருந்தவர், அவரு பேரென்னத்தா, என்று கேட்டார். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று மாமியார் சொல்லிவைத்து முப்பத்தெட்டு வருஷம், அந்தப் பேரின் வாடை இருக்கிறதென்று சொக்கத்தங்கத்தைக்கூடச் சுத்தத்தங்கம் என்பாள், சொக்காயை மேல்துணி என்பாள். இந்தக் கோயில் சாமி பேருங்க, என்றாள். புரிந்துகொண்ட பெருமையில் அவர், சுந்தரேசன் எங்கிருந்தாலும் வரவும், சம்சாரம் காத்திருக்கிறார், என்று இரண்டு தரம் கூப்பிட்டார், மூன்று சுந்தரேசன்கள் மூச்சிரைக்க வந்து நின்றார்கள், ஒருவருக்குக் கலியாணமே ஆகவில்லையாம், இருந்தாலும் வந்திருக்கிறார். இவுங்க யாரும் இல்லீங்க, சாமிக்கு இன்னொரு பேரு இருக்குதுங்கல்ல, அதுங்க. அவருக்கு ஆயிரம் பேரு இருக்குத்தா, எதைச் சொல்லிக் கூப்பிட.

ஆள் இருந்தால்தானே ஆயுசு, என்று அப்போதுதான் தோன்றியது, மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள், சொக்கலிங்கம், என்றாள், பேர் தூணுக்குத் தூண் முட்டிக்கொண்டு போகிறது, வேறு யாரோ ஒருத்தி கூப்பிடுவதுபோல் அவளுக்கே கூச்சம், பிறகு பயத்தில் கூச்சமும் போய்விட்டது, சொக்கலிங்கம், நான் மயிலாத்தா, இங்கிருக்கறேன், வாங்க. வரவில்லை, இன்னும் வரவில்லை, பழனியில் பார்த்த அந்தத் தாடி கண்முன் வந்து வந்து போனது, அப்புறம் பொற்றாமரைக் குளத்துப் பக்கமிருந்து ஒரு பெண் போலீஸிடம் வழி கேட்டபடி அவர் சாவதானமாக வருகிறார். யாரோ சுந்தரேசன் தொலைஞ்சு போய்ட்டானாட்டிருக்குது, பாவம்னு படியில உக்காந்திருந்தேன் புள்ள, அப்புறம் எம்பேரு கேக்குது, உன்ற குரலாட்டத்தான் இருக்குது, ஆனா நீ சொல்லமாட்டியே, எதுக்கும் போய்ப் பாப்பம்னு வந்தேன். அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

சாமி சன்னதி வரிசையில் அவருடைய இடது கை இவளுடைய வலது கைக்குள் இருக்கிறது, சுண்டுவிரல் குச்சி மாதிரிக் குத்துகிறது, நன்றாகக் குத்தட்டும். விபூதித் தட்டோடு வந்த பட்டர், ரெண்டு கையா ஏந்துங்கம்மா, என்றார். பிடித்த கையை இவள் விடவில்லை, இடது கையை நீட்டினாள், அதன்மேல் புருஷன் தன் வலது கையை வைத்தார், இரண்டு கைதான், விபூதி விழுந்தது.