ஆறு மானிட்டரும் ஒரு பெரிய கார்டும்

வரிச்சிக்குடி ஹரிஹரன், கல்லூரி ஆய்வக உதவியாளர் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பங்குச் சந்தையில் இறங்கியபோது, அவருக்கு ஒரே ஒரு லட்சியம்தான் இருந்தது. மனைவியின் அண்ணன் சிலம்பரசன் கோட்டுச்சேரியில் மூன்று மானிட்டர் வைத்து டிரேடிங் செய்கிறார். தன் மேசையில் ஆறு இருக்க வேண்டும்.

காரைக்காலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் கீர்த்திகா, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கிராபிக்ஸ் கார்டை எடுத்துக் காட்டினாள்.

“உங்களுக்கு ஓடப்போறது கோடும் நம்பரும்தான் சார். இது ஒண்ணுல நாலு மானிட்டர் மாட்டலாம். ரெண்டு போட்டா எட்டு வரைக்கும் தாங்கும். சத்தமும் வராது.”

“நெத்திலி மாதிரி இருக்கேம்மா” என்றார் ஹரிஹரன். அவர் பார்வை கண்ணாடி அலமாரி மேல் இருந்தது. அங்கே மூன்று விசிறியும் கலர் விளக்குமாக ஒரு கார்டு, செங்கல்லை நீட்டி வைத்ததுபோல் கிடந்தது.

“அது கேம் விளையாடுறவங்களுக்கு சார். அதுலயும் நாலு மானிட்டர்தான் ஓடும்.”

“இவ்ளோ பெருசுல நாலுதானா? யாருகிட்டம்மா சொல்ற?”

கீர்த்திகா மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். பில்லின் ஓரத்திலும் ‘நாலு மானிட்டர் மட்டும்’ என்று எழுதினாள். அவர் அதைப் படிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பெரிய கார்டோடு வீட்டுக்குப் போனார். அன்று மாலையே மச்சானுக்குப் போன் போட்டுக் கார்டின் பெயரையும் ஆறு மானிட்டர் கணக்கையும் சொல்லி, வெள்ளிக்கிழமை வந்து பார்க்கும்படி அழைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்குச் சந்தை திறந்தது. நான்கு மானிட்டர் எரிந்தன. ஐந்தாவதும் ஆறாவதும் கறுப்பாக நின்றன. ஒரு ஒயரை இரண்டாகப் பிரித்து மாட்டிப் பார்த்தார். நான்காவதில் இருந்த அதே படம் ஐந்தாவதிலும் வந்தது. அதைக் கழற்றிவிட்டு, பில்லைத் தேடி எடுத்துப் படித்தபின், கொல்லைப்புறம் போய்க் கீர்த்திகாவுக்குப் போன் செய்தார்.

“அந்த நெத்திலி இன்னும் இருக்காம்மா?”

“உங்களுக்காகத்தான் சார் ரெண்டு எடுத்து வச்சிருக்கேன்.”

அவள் வருவதற்குள் சிலம்பரசன் வந்துவிட்டார். ஹரிஹரனின் மனைவி கல்யாணசுந்தரிதான் இரண்டு கறுப்பு மானிட்டர் மேலும் துண்டைப் போர்த்தி வைத்தாள்.

“ஏன் இது ரெண்டும் மூடியிருக்கு?” என்று கேட்டார் சிலம்பரசன்.

கல்யாணசுந்தரி சொன்னாள்:

“பத்தரையிலேருந்து பன்னெண்டு வரைக்கும் ராகு காலம்ணே. புதுசா எதையும் திறக்கக் கூடாது.”

“அப்ப அந்த நாலும்?”

“அதெல்லாம் ஒம்போதேகாலுக்கே திறந்தாச்சு.”

சிலம்பரசன் துண்டின் நுனியைத் தூக்கிப் பார்க்கக் கை நீட்டினார். அதே நேரம் வாசலில் கீர்த்திகாவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. கல்யாணசுந்தரி வேகமாக நடைப்பக்கம் போய் மெயினை அணைத்தாள்.

“கரண்டு போச்சு. வாங்கண்ணே, பின்கட்டுல உக்காந்து சாப்பிடுவோம்.”

உளுந்து வடையும் பாயசமும் வைத்தாள். இரண்டாவது வடையில் சிலம்பரசன் காதைத் தீட்டிக்கொண்டார்.

“பக்கத்து வீட்டுல மிக்சி ஓடுதே.”

“அவங்க வேற லைன்ணே” என்று மூன்றாவது வடையை வைத்தாள்.

முன்னறையில் கீர்த்திகா கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து தலையை ஆட்டினாள். “பாருங்க சார், இந்தப் பெரிய கார்டு பக்கத்து இடத்தையும் சேத்து அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. இதை எடுத்தாத்தான் ரெண்டு சின்னதும் போட முடியும்.”

பெரிய கார்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைப் பிறந்த குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டு அறை முழுக்கச் சுற்றிவிட்டு, கடைசியில் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே வைத்தார். மனம் கொஞ்சம் கனத்தது. ஆனால் மெயினைப் போட்டதும் ஆறு மானிட்டரும் ஒன்றன்பின் ஒன்றாக விழித்துக்கொண்டபோது, அந்தக் கனம் போன இடம் தெரியவில்லை.

பின்கட்டிலிருந்து அண்ணனோடு வந்த கல்யாணசுந்தரி துண்டை உருவினாள். சிலம்பரசன் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ராகு காலம் முடிய இன்னும் பத்து நிமிஷம் இருக்கே.”

“கரண்டு போயி வந்தா கணக்கு மாறிடும்ணே.”

சிலம்பரசன் மானிட்டரில் ஏறி இறங்கிய கோடுகளைப் பார்க்கவில்லை. குனிந்து, மேசைக்குப் பின்னால் போய், ஒயர் ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கீர்த்திகா கிளம்பியதும், வெற்றிலை போட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு அவள் பின்னாலேயே வாசலுக்கு வந்தார்.

“ஒரு நிமிஷம்மா. மாப்ள போன்ல பேரு சொன்னாரே, அதே பெரிய கார்டை நானும் வாங்கிட்டேன். நாகப்பட்டினத்துல. அஞ்சு மானிட்டர் வச்சேன். அஞ்சாவது எரியவே மாட்டேங்குது. அவருக்கு மட்டும் ஆறு எப்படி ஓடுதுன்னு பாக்கத்தான் வந்தேன்.”

கீர்த்திகா சிரிப்பை அடக்க ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

“அதைக் கழட்டிட்டு ரெண்டு சின்ன கார்டு போடணும் சார். நானே வந்து போட்டுத் தர்றேன்.”

“மாப்ளைக்குத் தெரிய வேணாம்.”

“தெரியாது சார்.”

அவர் நிம்மதியாக உள்ளே போனார். வாசல் துளசி மாடத்துக்குப் பின்னால் நின்றிருந்த கல்யாணசுந்தரி மெதுவாக வெளியே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

“உடனே கோட்டுச்சேரிக்குப் போயிடாத கீர்த்தி” என்றாள் தாழ்ந்த குரலில். “எங்க கல்யாணத்துலேருந்து இவரை மட்டம் தட்டிக்கிட்டே இருந்தாரு எங்கண்ணன். கொஞ்ச நாள் அந்தக் கறுப்பு மானிட்டரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கட்டும்.”

கீர்த்திகா பத்து நாள் கழித்துத்தான் கோட்டுச்சேரிக்குப் போனாள்.