எறிய வேண்டிய துணி

கோப்பி வடிக்கும் துணிக்குச் சவுக்காரம் ஆகாது. யட்டியாந்தோட்டைக்கு மேலே, விருந்தினர் விடுதியாக மாற்றப்பட்ட பழைய துரை பங்களாவின் குசினியில், இராஜம் ஆறு ஆண்டுகளாக அந்த விதியை மீறியதில்லை. பிளனல் துணியைக் கூம்பாகத் தைத்துக் கம்பி வளையத்தில் கோத்து, பொடியை இட்டு, கொதி அடங்கிய நீரை நூல் போல நடுவில் ஊற்றுவாள். பொடி பொங்கித் தணியும்வரை கையை நிறுத்திக்கொண்டு, பிறகு மறுபடியும் ஊற்றுவாள். வடித்து முடித்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசி, தண்ணீர் நிரம்பிய கிண்ணத்தில் அமிழ்த்திக் குளிர்ப்பெட்டியில் வைப்பாள். மாற்றி மாற்றி வடிக்க இரண்டு துணிகள் வைத்திருந்தாள். காயவிட்டால் துணி கெடும். ஊறும் துணியைக் கவனியாது விட்டால் புளிக்கும். புளித்ததா இல்லையா என்பதை மூக்கு ஒன்றுதான் சொல்ல முடியும்.

இராஜத்தின் மூக்கு கொரோனாக் காய்ச்சலோடு செத்துப்போயிருந்தது. இது ஷாமிளா ஒருத்திக்கே தெரியும். பங்களாவின் அறைகளைத் துடைக்கும் அந்தப் பெண்ணிடம் இராஜம் காலைதோறும் கிண்ணத்தை நீட்டுவாள்.

"மோந்து பாரு புள்ள."

"சம்பளத்துல என் மூக்குக்குத் தனியாப் போடச் சொல்லுங்க பெரியம்மா."

"மூக்குக்குப் போட்டா வாய்க்கும் போடணும். ஒன் வாய்க்குப் போட்டா கம்பனி தாங்காது. சொல்லுடி, எப்புடி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. இன்னைக்கு ஓடும்."

போன வெள்ளிக்கிழமை ஷாமிளா கட்டாருக்கு விமானம் ஏறினாள்.

இராஜம் தன் குறையை மறைத்ததற்குக் காரணம் தோட்டத்து லயத்தில், அவள் வீடாயிருந்த ஒற்றைக் காம்பிராவில் படுத்திருந்தது. கணவர் சன்னாசி பாரிசவாதத்தில் விழுந்து இரண்டு ஆண்டுகளாகின்றன. இடது இடுப்பில் புண் கண்டிருந்தது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையாவது அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். பங்களாவிலிருந்து லயத்துக்குப் படிக்கட்டுத்தான் தூரம். பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் அவள் இறங்கி ஓடிப்போய்ப் புரட்டிவிட்டு வருவாள். குசினி வேலை போனால் அவளுக்கு மிஞ்சுவது இறப்பர் மலையில் பால் வெட்டுவது. விடியுமுன் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனவர்கள், பாலை நிறுத்துக் கொடுத்துத் திரும்ப இரண்டு மணியாகும். இராஜத்துக்கும் சன்னாசிக்கும் பிள்ளைகள் இல்லை. பகலில் லயத்தில் இருப்பவை சிறுகுழந்தைகளும் நாய்களுமே.

ஷாமிளா போன பிறகு இராஜம் நாளுக்கு மூன்று தடவை தண்ணீர் மாற்றினாள். துணியைத் தடவிப் பார்ப்பாள். வழுக்கினால் புளித்தது, வழுக்காவிட்டால் நல்லது என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். மழையில் மின்சாரம் இரண்டு நாள் நின்றது. செவ்வாய்க்கிழமை, கொழும்பிலிருந்து வந்த தம்பதி ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார்கள்.

மறுநாள் காலை விடுதி மனேஜர் பிரதாப் இரண்டு தட்டுகளோடு குசினிக்கு வந்தான். தட்டுக்கு ஒரு துணி இருந்தது. இரண்டும் ஒரே கபில நிறம்.

"அக்கா, நேத்து ரெண்டு துணியும் கெட்டுப்போச்சுன்னு நெனைச்சேன். ராத்திரி நானே கழுவப் பாத்தேன், ஒண்ணுதான் கழுவ முடிஞ்சிச்சு. இதுல எது இனித் தேறும்னு எனக்குத் தெரியல. எதை எறியிறது, எதை வச்சுக்கிறது? நீங்க சொன்னாச் சரி."

அவன் சோதிக்க வரவில்லை. அவள் சொல்வதைக் கேட்கவே வந்திருந்தான்.

இராஜம் முறைப்படி முதல் துணியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். விரல்களில் அது சொரசொரப்பாகச் சுத்தமாக இருந்தது. இரண்டாவதை எடுத்தாள், அது வழுக்கியது.

"இதுதான் தம்பி. புளிச்சுப்போச்சு. எறிஞ்சிருங்க."

பிரதாப் அவள் கையிலிருந்த துணியைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"அதுலதான் அக்கா நான் பாத்திரச் சவுக்காரம் போட்டேன். எலுமிச்சம் வாசம் வாசல் வரைக்கும் அடிக்குதே."

அவள் துணியைத் தட்டில் வைத்தாள்.

"மத்தது பக்கத்துலயே நிக்க முடியல. அதை மூக்குக்கிட்ட வச்சீங்க. ஒங்களுக்கு ஒண்ணுமே தெரியலியா?"

"தெரியல."

"எப்பயிலேருந்து?"

"கொரோனா வந்ததுலேருந்து."

"அனே, அக்கா!" அவன் கண்கள் கேஸ் சிலிண்டருக்குப் போயின. "கோப்பியை விடுங்க. கடதாசி வச்சு வடிச்சுக்கூடக் குடுக்கலாம், அது பெரிய விசயமில்ல. விடியக்காலையில நீங்க தனியா அடுப்பைப் பத்தவைக்கிறீங்க. கேஸ் கசிஞ்சா ஒங்களுக்குத் தெரியுமா?"

அது நியாயமான கேள்வி என்பதுதான் அவளை அடித்துப்போட்டது.

"துடைக்கிற வேலை குடுங்க தம்பி. ஷாமிளா எடம் சும்மாத்தானே கெடக்கு."

"சனிக்கிழமையே கீழ் ஊர்லேருந்து ரெண்டு பிள்ளைகளை எடுத்தாச்சு. முதல்லயே சொல்லியிருந்தா..." அவன் நிறுத்தினான். "நான் ஒப்பீஸ்ல பேசுறேன். மலையில பேர் போட்டுருவாங்க. நாளைக்கே பெரட்டுக்குப் போங்க."

"அவரு கெடக்குறாரு தம்பி."

"சரி, எனக்குத் தெரியும் அக்கா."

தெரிந்திருந்தும் அவன் செய்யக்கூடியது ஏதும் இல்லை. அவன் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனான். அவள் அடுப்பை அணைத்து, சிலிண்டரின் வாயை இறுக்கி, இறுகியதா என்று மறுபடியும் திருகிப் பார்த்துவிட்டுப் படியிறங்கினாள்.

எட்டு மணிக்கு அவளைக் கண்டதும் சன்னாசி வியந்தார். நாக்குக் குழறியது.

"இன்னைக்கு நேரத்தோட வந்திட்ட?"

"வந்திட்டேன்."

அவரை வலப்பக்கமாகப் புரட்டினாள். முகம் சுவரோடு போயிற்று. முதுகுக்குப் பின்னால் பழஞ்சேலை மூட்டையை அணைத்து வைத்து, அவர் சரியாமல் எவ்வளவு நேரம் இருப்பார் என்று நின்று பார்த்தாள். சிறிது நேரத்தில் மூட்டை விலகியது. மல்லாத்திப் படுக்கவைத்தாள், எச்சில் தொண்டையில் தங்கி அவருக்குப் புரையேறியது. நிமிர்த்தித் துடைத்துவிட்டு, மறுபடியும் வலப்பக்கம் சாய்த்தாள்.

"என்ன புள்ள, சும்மாச் சும்மாப் பொரட்டுற?"

"ஒங்களுக்கு எந்தப் பக்கம் தாங்கும்?"

"எவ்வளவு நேரத்துக்கு?"

"விடியிறதுக்கு முன்னாலேருந்து ரெண்டு மணி வரைக்கும்."

அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

"எந்தப் பக்கமும் தாங்காது."

அவள் மூட்டையை அவிழ்த்து, இன்னும் இறுக்கமாகக் கட்டத் தொடங்கினாள்.