மூத்தவளின் பத்திரம்

புருசன் யாகப்பு மாட்டேன் என்பதை வீட்டுக்குள் சொல்லியிருந்தால் லூர்த்தம்மா எப்படியாவது சமாளித்திருப்பாள். மனிசன் வார்டின் நடுவில் நின்று, பெரிய டொக்டருக்கும் நேர்சுமாருக்கும் முன்னால், "கொலைக்கு என்ரை ஒப்பமோ?" என்று கத்திவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். முப்பது கட்டிலும் திரும்பிப் பார்த்தது. மூலைக் கட்டிலில் கிடந்த மகள் ராணி போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டி அவளே அதை விலக்கவும் வேண்டியிருந்தது.

ராணிக்குப் பதினாறு வயது. ஏழு வயதில் வந்த காய்ச்சல் நெஞ்சு வால்வைப் பழுதாக்கிவிட்டுப் போனது. மாதம் ஒரு ஊசி தவறாமல் போட்டால் பயமில்லை என்றார்கள். போட்டார்கள். பிறகு சண்டையில் பாதை பூட்டுப்பட்டது, மருந்து வருவது நின்றது, ஊசியும் நின்றது. இப்போது வயிற்றில் மூன்று மாதம். அதற்குக் காரணமானவன் கடல் தாண்டி மண்டபம் அகதி முகாமுக்கு வள்ளம் ஏறி இரண்டு மாதமாகிறது, அவனுக்கு இது தெரியவே தெரியாது. ராணியின் கால்கள் வீங்கிவிட்டன. தலையணையில் சாய்ந்தபடிதான் நித்திரை.

டொக்டர் ஞானாம்பிகை லூர்த்தம்மாவை வெளி விறாந்தைக்குக் கூட்டிவந்தார்.

"அம்மா, ஒளிக்காமல் சொல்லுறன். இந்த நெஞ்சோடை பிள்ளை பெற ஏலாது. பெறுமட்டும்கூடத் தாங்காது. தாயின்ரை உயிர் போகுமெண்டால் கலைக்கலாம், சட்டம் அந்த ஒரு வழிதான் விட்டிருக்கு. நானும் எழுதிப்போட்டன், நெஞ்சு டொக்டரும் எழுதிப்போட்டார். ஆனா பதினெட்டு ஆகேல்லை. தாய் தேப்பன்தான் ஒப்பம் வைக்கவேணும்."

"நான் வைக்கிறன், டொக்டர். இப்பவே தாங்கோ."

"அவர் எல்லாருக்கும் முன்னாலை மறிச்சுப்போட்டாரே. இனி உங்கடை ஒப்பத்தை மட்டும் வைச்சுச் செய்யப் பெரிய டொக்டர் விடமாட்டார். பதினெட்டு முடிஞ்சிருந்தால் பிள்ளை தானே வைச்சிருக்கும், ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை." டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். "மூண்டு மணிக்கு ஒப்பரேசனுக்கு ஜெனரேட்டர் போடுவினம். அடுத்த முறை எப்ப எண்ணெய் கிடைக்குமோ தெரியாது. அதுக்குள்ளை அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

லூர்த்தம்மா அரியாலைக்கு நடந்தாள், பாதித் தூரம் ஓடினாள். குருநகரில் ஷெல் விழத் தொடங்கிய நாளிலிருந்து அங்கே ஒருவரின் வளவில் கொட்டில் போட்டிருந்தார்கள். நடுப்பகல் வெயில் தலையைப் பிளந்தது. செருப்பு அறுந்ததும் அதைக் கையில் தூக்கிக்கொண்டாள்.

யாகப்பு கொட்டில் வாசலில் செபமாலையோடு முழங்காலில் இருந்தான். அவன் கெட்டவன் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஊசிக்கு மாதாமாதம் மகளைத் தோளில் சுமந்துகொண்டு போனவன். மூன்று தரம் கடலில் கவிழ்ந்து, மூன்று தரமும் அந்தோனியார் கரையில் கொண்டுவந்து போட்டார் என்று நம்புகிறவன். நாலாம் தரமும் போடுவார் என்பதில் அவனுக்கு ஒரு துளி சந்தேகம் இல்லை. அந்த நம்பிக்கைக்குத்தான் லூர்த்தம்மா பயந்தாள்.

"இஞ்சாருங்கோ, எழும்புங்கோ. மூண்டு மணிக்கிடையிலை போகவேணும்."

"ஒப்பம் வைக்கவெண்டால் வரமாட்டன்."

"பிள்ளை செத்துப்போகும்."

"சாகாது. அந்தோனியாருக்கு நேத்தி வைச்சிருக்கிறன்."

அவள் அவன் காலைப் பிடித்தாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் பிடிக்காத கால். "நீங்கள் நேத்தி வையுங்கோ, நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. ஒப்பத்தையும் வைச்சுப்போட்டுச் செபியுங்கோவன். பாவத்தை நான் சுமக்கிறன்."

"என்ரை பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையைக் கொல்லச் சொல்லுறியோ?" அவன் அழுதான். பெரிய உடம்பு குலுங்கியது. அழுதுகொண்டே காலை இழுத்துக்கொண்டான். "மூத்தவளைக் கொண்டுபோன ஆண்டவர், இவளையும் கொண்டுபோவாரே? அவ்வளவுக்கு ஈவிரக்கம் இல்லாதவரே அவர்?"

மூத்தவள். லூர்த்தம்மா பிடித்த கையை அப்படியே வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

ராணிக்கு முன்னே ஒரு மகள் இருந்தாள். முல்லைத்தீவுப் பக்கம் மீன்வாடி போட்டுக் கடல்தொழிலுக்குப் போயிருந்த காலத்தில், எட்டு மாதத்தில், வலிப்பு வந்து ஒரே நாளில் போய்விட்டாள். முளைத்தது இரண்டே பல். அங்கேயே கரையோரம் அடக்கம் செய்து, தடியில் சிலுவை கட்டி நட்டார்கள். இறப்பைப் பதிய அந்தக் காட்டுக்கரையில் யார் இருந்தார்கள்? ஊர் திரும்பிய பிறகும் பதியவில்லை. மூன்று வருடம் கழித்து அடுத்த பெண் பிறந்தபோது, போன பிள்ளை திரும்பி வந்துவிட்டது என்று யாகப்பு அதே பெயரையே வைத்தான். அற்புதராணி.

பெயரைக் கொடுத்தாளே தவிர, மூத்தவளின் பிறப்புப் பத்திரத்தை லூர்த்தம்மா விட்டுக்கொடுக்கவில்லை. எல்லா வீட்டிலும் போல அவர்களிடமும் பத்திரப் பை ஒன்று இருந்தது. குண்டுச் சத்தம் கேட்டால் முதலில் தூக்குவது அதைத்தான். ஒவ்வொரு ஓட்டத்திலும் மூத்தவளும் அந்தப் பைக்குள் இருந்து கூடவே ஓடினாள். "செத்ததுக்கு என்னத்துக்கடி பத்திரம்?" என்று யாகப்பு எத்தனையோ தரம் ஏசியிருக்கிறான். அவள் மூத்தவளைப் பெற்றதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தக் கடதாசி.

அவள் எழுந்து உள்ளே போனாள்.

"என்னத்தைத் தேடுறாய்?"

"பிள்ளைக்கு மாத்துச் சீலை" என்றாள். பையைச் சீலைக்குள் சுற்றிக்கொண்டு திரும்பிப் பாராமல் நடந்தாள்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று பத்திரத்தை விரித்தாள். யாகப்புவின் பெயர், தன் பெயர், பிள்ளையின் பெயர் எல்லாம் சரி. வருடம் மட்டும் எழுபத்து நாலு. இப்போது நடப்பது தொண்ணூற்று மூன்று. அந்தக் கணக்கில் பத்தொன்பது வயது.

டொக்டர் பத்திரத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"நேற்று நீங்களே பதினாறு எண்டு சொன்னியள்."

"பள்ளிக்கூடத்திலை வயசைக் குறைச்சுக் குடுத்தது, டொக்டர். அதையே சொல்லிச் சொல்லிப் பழகிப்போச்சு."

"பழைய கிளினிக் கொப்பி எங்கை?"

"வீட்டோடை எரிஞ்சு போச்சு." அது மட்டும் உண்மை.

டொக்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினாரோ, நம்புவது என்று தீர்மானித்தாரோ, லூர்த்தம்மாவுக்குத் தெரியவில்லை. பிறகு படிவத்தை எடுத்துக்கொண்டு ராணியின் கட்டிலடிக்குப் போனார்.

"பிள்ளை, என்ன செய்யப் போறம் எண்டு சொன்னனான்தானே. உமக்கு விருப்பமோ?"

ராணி தாயைப் பார்த்தாள், பத்திரத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு வருடமும் மரித்தோர் திருநாளில் தன் பெயரைச் சொல்லி அம்மா மெழுகுதிரி ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஓம், டொக்டர். எனக்குச் சாக விருப்பமில்லை" என்றாள். வீங்கிய விரல்களால் பேனையைப் பிடித்து மெதுவாகப் பெயரை எழுதினாள்.

எங்கோ பின்பக்கம் ஜெனரேட்டர் இரைந்தது. தள்ளுவண்டி வந்தது. டொக்டர் கடைசித் தாளைப் புரட்டினார்.

"மயக்க மருந்து குடுக்கிறதுக்குக் கேக்கவேணும், அம்மா. இவவுக்கு மூத்ததாய் வேறை பிள்ளை இருந்ததோ? சின்னனிலை வலிப்பு, காய்ச்சல் எண்டு ஏதும் தவறினதோ?"

இத்தனை வருடத்தில் யார் கேட்டாலும் லூர்த்தம்மா ஒரு பதிலைத்தான் சொல்லியிருக்கிறாள். ரெண்டு பெத்தன், மூத்தது தவறிப்போச்சு. அயலவர் சலித்துப்போகும் அளவுக்குச் சொல்லியிருக்கிறாள். சொல்லாவிட்டால் அந்தக் கரையில் கிடக்கிறவளுக்கு யாருமே இல்லாமல் போய்விடும் என்று பயந்து சொன்னது.

ராணியின் கை அவள் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தது.

"இல்லை, டொக்டர்" என்றாள் லூர்த்தம்மா. "இவள்தான் மூத்தவள். இவளுக்கு முன்னம் ஒருத்தரும் பிறக்கேல்லை."

டொக்டர் அதை எழுதிக்கொண்டார்.