சிக்னல் வெளியிலும் கிடைக்கும்

"பாஸ்வேர்டு சொல்லுதேன், போன்ல போட்டுக்கட்டி" என்றாள் ஸ்ரீதேவி, வேல்விழியின் அறை வாசலிலேயே நின்றுகொண்டு.

வேல்விழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தென்காசியில் கல்லூரிப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த மாடியில் இருவருக்கும் அடுத்தடுத்த அறைகள். வைஃபை ஸ்ரீதேவியின் அறையில். ஒரு வருஷமாகக் கெஞ்சியும் அவள் பாஸ்வேர்டைச் சொன்னதில்லை. "சொல்லிட்டா நீ ஒன் ரூமுலயே கெடப்ப. இங்கன வந்து என் லேப்டாப்புல படிட்டி" என்பாள். ஒரே கட்டிலில் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, சாரலுக்கு ஒரே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படித்தவர்கள்.

நேற்று ஸ்ரீதேவியின் அம்மா குற்றாலத்தில் குளித்துவிட்டு நேரே மகளின் அறைக்கு வந்தாள். ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே, கட்டிலில் இருந்த வேல்விழியிடம் பாசமாகத்தான் விசாரித்தாள்.

"எந்த ஊரும்மா?"

"அச்சன்புதூர் பக்கம், ஆன்ட்டி."

"ஊர்ல எந்தத் தெரு?"

தெருவைச் சொன்னதும் துவட்டிய கை நின்றுபோனது. அதற்குமேல் அந்த அம்மாளுக்குத் தெரிய வேண்டியது எதுவும் இல்லை. சாயங்கால பஸ்ஸுக்கே ஊர் திரும்பிவிட்டாள்.

"இப்ப எதுக்குட்டி பாஸ்வேர்டு?" என்று கேட்டாள் வேல்விழி.

"அம்மா சொன்னாவ. சிக்னல் செவரத் தாண்டி வரும்லா, அந்தப் பிள்ள எதுக்கு உள்ள வந்து கஷ்டப்படணும்னு…"

"நீ என்ன சொன்ன?"

ஸ்ரீதேவிக்குப் பின்னால், நடையில் கட்டிய கொடியில் அந்தக் கட்டில் விரிப்பும் போர்வையும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தன. இந்தச் சாரல் காலத்தில் எவளாவது போர்வையை நனைப்பாளா?

தெருவைக் கேட்டது வேல்விழிக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடம் போன நாள் முதல் கேட்டுக் கேட்டு மரத்துப்போன கேள்வி. ஆனால் அந்த அம்மாள் நேற்றே போய்விட்டாள். இன்று காலையில் உட்கார்ந்து துவைத்தவள் ஸ்ரீதேவி. அதைத்தான் வேல்விழியால் தாங்க முடியவில்லை. பாவி, இதைச் செய்ய உனக்கு எப்படி மனசு வந்தது?

"பாஸ்வேர்டு எனக்கு வேண்டாம். உள்ள வராதன்னு ஒன் வாயால சொல்லு. வரல."

ஸ்ரீதேவி சொல்லவில்லை. வாயைத் திறக்காமலே காரியத்தை முடித்துவிடலாம் என்றுதானே வந்திருந்தாள்.

வேல்விழி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஸ்ரீதேவியைக் கடந்து அடுத்த அறைக்குள் போய், புதிதாய் விரித்திருந்த விரிப்பின்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள்.

"நாளைக்குப் பரீட்சை. வாட்டி, படிப்போம்."

ஸ்ரீதேவி தன் அறை வாசல்வரை வந்தாள். உள்ளே வரக் கால் எழவில்லை. வெளியிலேயே நின்றாள்.