மூடியிருக்கணும்

அக்காவும் தம்பியும் ஒரே பெயிண்ட் ஆலையில் வேலை பார்த்தார்கள். அக்காவுக்கு மாடியில் அலுவலகம். வெளிநாட்டு இஞ்சினியர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தொழிலாளர்களுக்குத் தமிழில் சொல்லவேண்டும். தம்பிக்குக் கீழே, பெயிண்ட் கலக்கும் ராட்சதத் தொட்டிகளுக்குள் இறங்கிச் சுரண்டிக் கழுவும் வேலை. "நீ வாயால சம்பாதிக்கிற, நான் கையால சம்பாதிக்கிறேன்" என்று அவளைச் சீண்டுவான்.

அன்று காலை ஃபோர்மேன் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"பெரிய தொட்டியில ஆள் இறக்கணும்மா. நைட்ரஜன் வால்வு மூடியாச்சான்னு இஞ்சினியர்கிட்ட கேளு."

தீப்பிடிக்காமல் இருக்கத் தொட்டிக்குள் விடும் நைட்ரஜனுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தொட்டிக்குள் அது நிறைந்திருந்தால், இறங்கியவனுக்கு மூச்சு திணறுவதுகூடத் தெரியாது, அப்படியே சாய்ந்துவிடுவான். அவள் போன் போட்டுக் கேட்டாள். இஞ்சினியர் எங்கோ காரில் போய்க்கொண்டிருந்தார். "இட் இஸ் சப்போஸ்ட் டு பி க்ளோஸ்ட்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"என்னம்மா சொல்றாரு?"

"மூடியிருக்காம் சார்."

ஃபோர்மேன் தடதடவென்று படியிறங்கிப் போனார். அவள் ஆறிப்போன டீயை எடுத்தாள்.

அப்போது தமிழ் தெரியாத கூரியர்காரர் ஒருவர் பார்சலோடு வந்து, கணக்குப் பார்க்கும் அம்மா எங்கே என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். வரவேற்பில் இருந்த பெண் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே எதிர் நாற்காலியைக் கை காட்டினாள்.

"ஷி இஸ் சப்போஸ்ட் டு பி ஹியர்."

நாற்காலி காலியாக இருந்தது. கைப்பையைக்கூடக் காணோம்.

அக்கா டீயைக் கீழே வைத்தாள். இங்கே இருக்கவேண்டியவள். ஆனால் இல்லை. அதே சொல்லைத்தானே அவரும் சொன்னார்? மூடியிருக்கணும் என்றார். மூடியிருக்கு என்று எங்கே சொன்னார்? "சப்போஸ் மழை வந்தா", "சப்போஸ் பஸ் வரலைன்னா" என்று நாளெல்லாம் அவள் வாயில் புரளும் சொல்தான் அது. புரண்ட வேகத்தில் காதிலும் வழுக்கிவிட்டது.

ஃபோர்மேனுக்குப் போன் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. செருப்பை உதறிவிட்டு ஓடினாள். யார் இறங்குகிறார்கள் என்று கேட்கவே இல்லையே என்பது பாதிப் படியில்தான் உறைத்தது. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டே இறங்கினாள்.

தொட்டியின் மேல்தளத்தில் ஃபோர்மேனும் இன்னொருவரும், இறங்கியவனின் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தார்கள்.

"உள்ள யாரு சார்?"

"உன் தம்பிதாம்மா. ஏன்?"

"வெளிய இழுங்க! அவர் மூடியிருக்குன்னு சொல்லலை. மூடியிருக்கணும்னுதான் சொன்னாரு. நான் தப்பாச் சொல்லிட்டேன்!"

ஃபோர்மேனின் முகம் வெளிறிப்போனது. "டேய், ஏறி வாடா!" என்று உள்ளே குனிந்து கத்தினார். பதில் இல்லை. சுரண்டும் சத்தமும் இல்லை.

அவள் ஏணியில் கால் வைத்துவிட்டாள். ஃபோர்மேன் அவள் தோளைப் பிடித்து இழுத்தார். "நீயும் போனா ரெண்டு பேரையும் தூக்கணும். கயித்தைப் பிடி!"

மூன்று பேருமாக இழுத்தார்கள். தலை தொங்க, உதடு நீலம் பாரித்து வந்தான். தரையில் கிடத்தி ஃபோர்மேன் நெஞ்சை அழுத்தினார். அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டு பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அழுத்தி அழுத்தி ஃபோர்மேனுக்கு வியர்த்துக் கொட்டியபோது அவன் இருமினான்.

வால்வைப் போய்ப் பார்த்தார்கள். கால்வாசி திறந்திருந்தது.

மாலையில் ஆஸ்பத்திரியில் அவன் கண் விழித்தான். "வால்வை நானே எட்டிப் பார்த்திருக்கணும், பத்தடி தூரம்தான், என் தப்பும்தான்" என்று ஃபோர்மேன் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனார். நடந்ததை அக்கா ஒன்றுவிடாமல் தம்பியிடம் சொன்னாள். அவன் முகட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"இறங்கப்போறது நான்தான்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியாதுடா."

"தெரிஞ்சிருந்தா?"

அவளால் பொய் சொல்ல முடியவில்லை.

"இன்னொரு தடவை கேட்டிருப்பேன்."

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் கட்டில் கம்பியைப் பிடித்தாள். பார்வை நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொன்னபோதும் அவள் விடவில்லை.