சுத்தம் என்று சொன்னேன்

கண் இமை இரண்டும் வீங்கியிருந்தன. ஆய்வகக் கழிவறைக் கண்ணாடியில் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த வீக்கத்தைப் படம் போட்டுக் காட்டி மாணவர்களுக்கு வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவளே நான்தான். வேகாத பன்றிக்கறி தின்று பத்துப் பன்னிரண்டு நாளில் காய்ச்சல், தசைவலி, இமை வீக்கம். ட்ரிக்கினெல்லா என்று ஒரு புழு. தசைக்குள் சுருண்டு கிடக்கும், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நான் டாக்டர் பட்டம் வாங்கியதும் அதில்தான், அப்புறம் பெல்கிரேடில் இந்த ஆராய்ச்சி வேலை கிடைத்ததும் அதில்தான்.

ஓடிப் போய்க் குளிர்பெட்டியைத் திறந்தேன். பெட்டிகளுக்குப் பின்னால் அந்தப் பொட்டலம் அப்படியே இருந்தது. மேலே மாமனார் தன் பெயரைப் போட்டு எழுதியிருந்தது: ‘ஓப்ராத். பெரிய பன்றி.’ பன்னிரண்டு நாளாக யாரும் அதைப் பிரிக்கவில்லை. யாரும் என்ன யாரும், நான்தான் பிரிக்கவில்லை.

சொல்லவே நாக்கூசுகிறது, ஆனால் சொல்லியாக வேண்டும். பெல்கிரேடுக்கு அருகே ஸ்ரேம் பகுதியில், என் புகுந்த ஊரில், நவம்பர் கடைசியில் வீட்டுக்கு வீடு பன்றி வெட்டுவார்கள். வெட்டியதும் விலாவுக்குள்ளிருந்து ஒரு துண்டுத் தசையை அறுத்து டவுனில் இருக்கும் கால்நடை டாக்டரிடம் கொடுத்தனுப்புவார்கள். அவர் சுத்தம் என்று சொல்லும்வரை ஒருவரும் கறியில் வாய் வைக்கக் கூடாது. நான் மருமகளாக வந்த பிறகு மாமா டவுனுக்குப் போவதை விட்டுவிட்டார். “வீட்டுலயே டாக்டர் இருக்கா, வெளியில எதுக்குப் போய் நிக்கணும்?” என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மூன்று வருஷம் நான்தான் பார்த்தேன். மூன்று வருஷமும் சுத்தம்.

நாலாவது வருஷம், சனிக்கிழமை காலை, பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் காரோட்டி ஆய்வகம் வந்தேன். வந்து பார்த்தால், வாரக்கணக்காகக் காத்திருந்த முடிவு இயந்திரத்திலிருந்து வந்திருந்தது. நாற்பது புழுக்களின் மரபணு, எழுத்து எழுத்தாக. எந்தக் காட்டு மிருகத்திலிருந்து எந்த வீட்டுப் பன்றிக்கு வந்தது என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். பொட்டலத்தைக் குளிர்பெட்டிக்குள் தள்ளிவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

இரண்டு மணிக்கு அத்தை போன் செய்தாள். கறி அரைத்தாயிற்று, மசாலா கலந்தாயிற்று, ஆட்கள் சும்மா நிற்கிறார்கள், உப்பு பார்க்கலாமா என்று கேட்டாள். உப்பு பார்ப்பதென்றால் பச்சைக் கறியை விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பது. அந்தத் துண்டைக் கரைத்து நுண்ணோக்கியில் பார்க்க எனக்கு முக்கால் மணி நேரம் போதும். திரையிலிருந்து கண்ணைக்கூட எடுக்காமல் சொன்னேன்.

“சுத்தம் அத்தை. பாருங்க.”

வாய் கூசாமல் சொன்னேன். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாயங்காலமும் பார்க்கவில்லை.

அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. இருட்டுவதற்குள் ஊருக்குத் திரும்பினேன். முற்றத்தில் பெரிய தொட்டி நிறையச் சிவப்பாக சாசேஜ் கறி. ஆறேழு பேர் கையில் ராக்கியா என்கிற பழச் சாராயத்தோடு சுற்றி நிற்கிறார்கள். மாமா ஒரு சிட்டிகை கறியை ரொட்டித் துண்டில் அப்பி என்னிடம் நீட்டினார். எங்கள் பகுதியில் மூன்று ஊருக்கு உப்பு பார்ப்பவர் அவர். யார் வீட்டில் பன்றி வெட்டினாலும் ஓப்ராத் நாக்கில் வைத்துத் தலையாட்டாமல் சாசேஜ் திணிக்க மாட்டார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷர் என்னிடம் நீட்டுகிறார். வேண்டாம் என்று சொன்னால் உண்மையைச் சொன்ன மாதிரி ஆகிவிடும். வாங்கித் தின்றேன். மிளகாய்ப்பொடி இன்னும் கொஞ்சம் போடலாம் மாமா என்று யோசனை வேறு சொன்னேன். த்தூ.

இப்போது, வீங்கிய இமையோடு, பொட்டலத்தைப் பிரித்து, அரைத்து, கரைத்து, நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். சுருள் சுருளாகக் கிடந்தன. எண்ண முடியாத அளவுக்கு.

எல்லாருக்கும் போன் போட்டேன். ஒரு சின்னச் சந்தேகம், இனி அந்தக் கறியைத் தொட வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். சின்னச் சந்தேகமாம். அப்போதும் முழு உண்மை வாயில் வரவில்லை. பதினான்கு பேர் படுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு லாஸாவுக்கு இதயம் வரைக்கும் போய்விட்டது. ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

மாமா படுத்திருந்த வார்டுக்குச் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு அம்மா வந்தாள். கறியை யார் பரிசோதித்தது என்று கேட்டாள். நான் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தேன். வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

“யாரும் பாக்கல. நான் குடுத்தனுப்பவே இல்ல” என்றார் மாமா, காய்ச்சலோடு. “ஒரு வருஷம் பாக்காட்டி என்னன்னு விட்டுட்டேன். என் தப்பு.”

திறந்த வாயை மூடிக்கொண்டேன். அந்த அம்மா எழுதிக்கொண்டு போனாள். நான் மாமா முகத்தைப் பார்க்கத் துணியாமல், ஏன் அப்படிச் சொன்னீங்க என்று தரையைப் பார்த்துக் கேட்டேன்.

“உன் கண்ணும் வீங்கியிருக்கே. பாத்திருந்தா நீ தின்னிருப்பியா?” என்றார். “எனக்கு மானம் போனா மூணு ஊருல போகும். உனக்குப் போனா வேலையும் சேர்ந்து போகும். பேசாம இரு.”

பேசாமல் இருந்தேன். அது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று நினைத்தால் இன்றைக்கும் மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருக்கிறது.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஒருவரும் மாமாவை உப்பு பார்க்கக் கூப்பிடவில்லை. சனிக்கிழமை காலையில் பன்றி கத்துகிற சத்தம் வந்தால், இது யார் வீடு, அது யார் வீடு என்று ஜன்னலோரம் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பாராம். அத்தைதான் போனில் சொன்னாள். இவரே இப்படி அசட்டையாக இருந்துவிட்டாரே என்று என்னிடமே அழுதாள். அவளுக்கும் தெரியாது. என் கணவன் ஊரோஷுக்கும் தெரியாது. பொட்டலத்தோடு நான் போனதை இருவரும் பார்த்தவர்கள்தான். வேறு பன்றியின் துண்டைத் தானே தவறுதலாக அனுப்பிவிட்டதாகச் சொல்லி மாமா அவர்கள் வாயையும் அடைத்து வைத்திருந்தார்.

எங்கள் பன்றியின் புழுக்களுக்கும் மரபணு பார்த்தேன். ஃப்ருஷ்கா கோரா மலைக்காட்டில் சுட்ட ஒரு நரியின் புழுவோடு அப்படியே பொருந்தியது. எங்கள் ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியை கோர்தானா பூரித்துப் போனார். கட்டுரையில் ஓர் அட்டவணை வேண்டும் என்றார். கடைசிக் கட்டத்தில், கறி ஏன் பரிசோதிக்கப்படவில்லை என்ற காரணம். ‘உரிமையாளர் மாதிரி கொடுக்கவில்லை.’ இந்தக் கையால்தான் தட்டச்சு செய்தேன். அக்டோபரில் கட்டுரை வெளிவந்தது. ஆய்வகத்தில் எல்லாரும் கை தட்டினார்கள்.

அடுத்த நவம்பரில் எங்கள் வீட்டைக் காக்கும் புனிதரின் திருநாள். அன்றைக்கு யாரையும் அழைக்கும் வழக்கமில்லை; வருகிறவர்கள் தானாக வருவார்கள். முன்னெல்லாம் நாற்பது பேர் வருவார்கள். அந்த வருஷம் ஒன்பது பேர். லாஸா வந்திருந்தார், மெலிந்து போய், தடியூன்றிக்கொண்டு.

ஊரோஷ் பெருமைப்பட்டுக் கட்டுரையை அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்து வைத்திருக்கிறான், பாவி. சாப்பாட்டுக்கு நடுவில் மாமா அதைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். எங்கள் மருமகள் எழுதியது, உலகம் பூரா படிக்கிறார்கள் என்றார் எல்லாரிடமும். மாமாவுக்கு ஆங்கிலம் ஓர் எழுத்துத் தெரியாது.

“நம்ம பன்னி எங்க வருது? எடுத்துப் படிச்சுச் சொல்லு” என்றார்.

அட்டவணையைப் பிரித்தேன். முப்பத்தோராவது வரிசை. ஊர்ப் பெயர், தேதி, புழு எண்ணிக்கை எல்லாம் ஒழுங்காக மொழிபெயர்த்துக்கொண்டே வந்தேன். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்தேன். லாஸா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தாளில் இருந்ததை நான் படிக்கவில்லை.

“உரிமையாளர் அன்னைக்குக் காலையிலேயே கறித்துண்டைக் குடுத்தார்” என்றேன். “அது சரியான துண்டுதான். ஆராய்ச்சி பண்றவ அதைப் பிரிச்சே பாக்கல. பாக்காமலே சுத்தம்னு போன்ல சொன்னா.”

அத்தை கையை வாயில் வைத்துக்கொண்டாள். ஊரோஷ் என்னைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். அவனுக்கு ஆங்கிலம் தெரியும். அதில் என்ன இருக்கிறது என்று படித்தவன்.

மாமா எட்டித் தாளை என் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்தார்.

“இவளுக்கு இங்கிலீஷ் அரைகுறைதான்” என்று சிரிக்கப் பார்த்தார். “தப்பா படிக்கிறா.”

“இல்ல மாமா. இப்பதான் சரியா படிச்சேன்.”

லாஸா தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். மாமாவுக்கு எதிரில் போய் நின்றார்.

“ஓப்ராத், வர்ற சனிக்கிழமை எங்க வீட்டுல வெட்டறோம். நீ வந்து உப்பு பாக்கணும்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார். “கறித்துண்டை நான் டவுனுக்கே குடுத்தனுப்பிக்கிறேன்.”

“சரி” என்றார் மாமா.