முழங்காலுக்கு நேரே ஒரு பிரேக்

பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லருக்கான பிரேக் பெட்டியைத் தானே டிரக்கில் மாட்டப்போவதாக மெர்ல் சொன்னபோதே அவன் மனைவி ஆர்டிஸ் தலையில் அடித்துக்கொண்டாள். முப்பத்தொரு வருஷத்தில் அவன் மாட்டிய எதுவும் மாட்டிய இடத்தில் நின்றதில்லை. இந்தப் பாழாய்ப்போன பெட்டி மட்டும் நின்றது. நாலு திருகு போட்டு, கெட்டியாக, ஸ்டீரிங்குக்குக் கீழே, அவன் முழங்காலுக்கு நேராக.

அதில் ஒரு சின்ன விசை. தொட்டால் டிரெய்லர் மட்டும் பிரேக் போட்டு நிற்கும்.

டிரெய்லரில் ஆர்டிஸின் பசு கிளெமன்டைன் நின்றது. கவுன்டியின் கால்நடைக் கண்காட்சியில் எடை போடும் கேட்டைக் காலை ஒன்பது மணிக்கு மூடிவிடுவார்கள். மூன்று வருஷமாக இரண்டாம் பரிசு வாங்கி நொந்துபோனவள், இந்தத் தடவை பசுவின் வாலுக்குத் தன் ஷாம்பூவையே போட்டிருந்தாள்.

முதல் மைலிலேயே எதிரே ஒரு டிரக் வந்தது. அந்த ஊரில் எதிரே வண்டி வந்தால் வணக்கத்துக்கு ஒரு விரலையாவது தூக்கவேண்டும். மெர்ல் கையையே தூக்குகிறவன். இன்னொரு கையில் காபி. ஆகவே ஸ்டீரிங்கை முழங்கால் பிடித்தது, முழங்கால் விசையைத் தள்ளியது. வண்டி குலுங்கி நின்றது. பின்னாலிருந்து கிளெமன்டைன் திட்டியது.

ஐந்தாவது குலுக்கலில் ஆர்டிஸ் காபியைப் பிடுங்கிக்கொண்டாள். பலனில்லை. கை மேலே போனால் முழங்காலும் தானாகக் கிளம்பியது. பழக்க தோஷம்.

"கையே தூக்காத, மெர்ல்!"

"எதிர்ல வர்றது நம்ம பக்கத்து வீட்டு ஆர்வில்டி! அப்புறம் அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"பரிசு வாங்கிட்டு முழி!"

மெர்ல் பல்லைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்தான். பாவமாக இருந்ததால் ஆர்டிஸே அவனுக்கும் சேர்த்து இரண்டு கைகளையும் ஆட்டினாள். ஆர்வில் வண்டியை ஓரங்கட்டி, வாயைப் பிளந்து பார்த்தான். அடுத்து வந்த ஏழு வண்டிகளுக்கும் அப்படியே ஆட்டினாள்.

போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது பத்து. கேட் திறந்தே இருந்தது. காவலுக்கு நின்ற வெர்னா ஓடிவந்து ஆர்டிஸைக் கட்டிக்கொண்டாள்.

"எல்லாம் கேள்விப்பட்டேன். ஆர்வில் போன் பண்ணான். நீ ரெண்டு கையையும் ஆட்டி உதவி கேட்டியாம், இந்தக் கல்லுளிமங்கன் திரும்பிக்கூடப் பாக்கலயாம். நீ இவன விட்டுப் பிரியறேன்னு ஊரே பேசுது. பிரியற நேரத்துலயும் பசுவ விடாம கூட்டிட்டு வந்திருக்க பாரு, நீதான்டி பொம்பள! உனக்குப் போயி கேட்ட மூடுவேனா?"

ஆர்டிஸ் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். ஷாம்பூ மணக்கும் வாலைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு கைக்குட்டையை எடுத்தாள்.

"யாரு யார விட்டுப் போறா?" என்றான் மெர்ல். ஆர்டிஸ் அவன் காலை மிதித்தாள்.

பசுவை விட்டுவிட்டுத் திரும்பும்போது மெர்ல் வந்த வண்டிக்கெல்லாம் கையைத் தூக்கினான். காலி டிரெய்லர் தடதடவென்று குலுங்கிக் குலுங்கி வந்தது. பதிலுக்கு ஒருவரும் ஒரு விரல்கூடத் தூக்கவில்லை. அவன் முகம் தொங்கிப்போயிற்று. அதைப் பார்க்க ஆர்டிஸுக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

"நாளைக்கே அந்தப் பெட்டியக் கழட்டி வேற இடத்துல மாட்டிடறேன்" என்றான்.

"மாட்டு" என்றாள் அவன் தோளைத் தடவிக்கொண்டே. "ஆனா வியாழக்கெழம பரிசு குடுக்கறாங்க. அதுவரைக்கும் நாம பிரிஞ்சே இருப்போம்."